உமிக்குள் அரிசி: இலவச அறிவியல் புனைகதைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதிப்புரிமைக் காலம் முடிந்துபோன அறிவியல் புனைகதைகள் இணையத்தில் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. பல ஆண்டுகளாக அவற்றை மேய்ந்து வருகிறேன். நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை. பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ள கதைகளைப் பற்றிய பேச்சு இது. பெயர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். ஒலியை வைத்து ஆங்கிலத்தில் தட்டினாலே தேடுபொறி பிடித்துக்கொள்ளும்.

பொதுவுரிமை நூல் என்றால் இலவச மின்னூல் என்றுதானே பொருள்?

இல்லை. பதிப்புரிமைக்கு ஓர் ஆயுள் உண்டு. அது முடிந்த நூலை யாரும் படிக்கலாம், அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், நாடகமாக்கலாம். யாரிடமும் கேட்க வேண்டாம். பப்ளிக் டொமைன் என்று சொல்லப்படும் இதை இங்கே பொதுவுரிமை என்கிறேன். எழுத்தாளரே மனமுவந்து இலவசமாகத் தரும் நூல் வேறு. பீட்டர் வாட்ஸ் 2006-இல் வெளிவந்த தம்முடைய 'பிளைண்ட்சைட்' நாவலை, பிறர் பகிர்ந்துகொள்ள அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தம் இணையதளத்திலேயே வைத்திருக்கிறார். அதன் உரிமை இன்னும் அவருடையதுதான்; விற்கக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. வெறுமனே படிப்பவருக்கு இந்த வேறுபாடு ஒரு பொருட்டல்ல. உரிமை உள்ள நூலை யாரோ ஸ்கேன் செய்து ஏற்றி வைத்திருக்கும் பிடிஎஃப் கோப்புகளைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

அப்படியானால் எல்லாம் நூறு வருடப் பழைய கதைகளா?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மேரி ஷெல்லி, ழூல் வெர்ன், எச். ஜி. வெல்ஸ், அதோடு கடையைக் கட்டிவிட வேண்டியதுதான் என்று. பிறகு ஒருநாள் பிலிப் கே. டிக் எழுதிய 1953-ஆம் ஆண்டுக் கதை ஒன்று முறையாக, திருட்டு இல்லாமல், இலவசமாகக் கிடைப்பதைப் பார்த்துத் திகைத்தேன். அவர் இறந்ததே 1982-இல். எப்படி?

விடை அமெரிக்கச் சட்டத்தின் ஒரு பழைய மூலையில் இருக்கிறது. பழைய நூல்களுக்கு அங்கே இன்றுள்ள பொதுக் கணக்கு, வெளிவந்த ஆண்டிலிருந்து 95 ஆண்டுகள். 1930-இல் வெளிவந்தவை 2026 ஜனவரி 1 அன்று பொதுவுரிமைக்கு வந்தன. ஒவ்வொரு புத்தாண்டு அன்றும் இன்னும் ஓர் ஆண்டின் விளைச்சல் வந்து சேரும். ஆனால் 1963 வரை வெளிவந்தவற்றுக்கு இன்னொரு விதியும் இருந்தது. முதலில் கிடைப்பது 28 ஆண்டு உரிமை மட்டுமே. 28-ஆம் ஆண்டில் விண்ணப்பம் போட்டுப் புதுப்பித்தால்தான் அது நீளும். விட்டால் போயிற்று. 1964 முதல் வந்தவற்றுக்குப் பின்னாளில் தானாகவே புதுப்பிப்பு கிடைத்துவிட்டது.

இதை 1950-களின் கதைப் பத்திரிகைகளோடு பொருத்திப் பாருங்கள். சொல்லுக்கு இத்தனை சென்ட் என்று கணக்குப் பார்த்துக் கூலி, மலிவான தாள், மாதம் தவறாமல் பக்கங்களை நிரப்பியாக வேண்டும். பத்திரிகை நின்றிருக்கும், கை மாறியிருக்கும். எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார், அல்லது இறந்திருப்பார். 28 ஆண்டு கழித்து ஒரு சிறுகதைக்காகப் படிவம் நிரப்ப யாருக்கு நினைவிருக்கும்? அப்படி மறதியில் நழுவிய கதைகள்தான் இன்று நமக்குக் கிடைக்கின்றன. இலவச மின்னூல் தளமான குட்டன்பர்க் திட்டத்தின் மின்னூல்களில் கதை தொடங்குவதற்கு முன் ஒரு சிறு குறிப்பு இருக்கும்: இன்ன பத்திரிகையின் இன்ன இதழிலிருந்து எடுத்தது, விரிவாகத் தேடியும் இதன் அமெரிக்கப் பதிப்புரிமை புதுப்பிக்கப்பட்டதற்கான சான்று எதுவும் கிடைக்கவில்லை. அந்தக் குறிப்பைக் கண்டால் எனக்கு இப்போதும் ஒரு சின்னக் குதூகலம். யாரோ ஒரு தன்னார்வலர் பழைய பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டியிருக்கிறார்.

மறந்துபோனவை என்றால் மறக்கத் தக்கவைதானே?

பாதி உண்மை. புதுப்பிக்காமல் விட்டது தரத்தைப் பற்றிய தீர்ப்பு அல்ல. பெரும்பாலும் அலட்சியமோ அலுவலகக் குழப்பமோதான் காரணம். ஆனால் பொய் சொல்வானேன், மொத்தத்தில் உமிதான் அதிகம். எழுதிய சொல்லுக்குக் கூலி என்றால் கதை எப்படி இருக்கும்? ஊதிப் பெருத்திருக்கும். இரண்டு விஞ்ஞானிகள் எதிரெதிரே உட்கார்ந்து, இருவருக்கும் நன்றாகத் தெரிந்த ஒன்றை ஒருவருக்கொருவர் நான்கு பக்கம் விளக்கிக்கொள்வார்கள். அழகான மகள் ஒருத்தி காபி கொண்டுவருவாள். ஏழாம் பக்கத்தில் ராக்கெட் கிளம்பும். இந்த அச்சில் வார்த்தவற்றை நான் எத்தனை படித்துத் தொலைத்தேன் என்பதற்குக் கணக்கே இல்லை.

அதனால் இப்போது மூன்று சல்லடை வைத்திருக்கிறேன்.

முதலாவது, பத்திரிகையின் பெயர். 'கேலக்ஸி' இதழ் 1950 அக்டோபரில் தொடங்கியது. எச். எல். கோல்ட் அதன் ஆசிரியராக இருந்த முதல் பத்தாண்டுகளில் வந்த கதைகள் சராசரியாகவே ஒரு படி மேல். கோல்ட் கதைகளைத் திருத்தித் திருத்தி எழுத்தாளர்களின் பொறுமையைச் சோதித்தவர் என்று பெயர் எடுத்தவர். வாசகனுக்கு அதில் லாபம்தான். 'இஃப்' இதழிலும் நல்லவை உண்டு.

இரண்டாவது சல்லடைதான் என் ரகசியம். ஐஎஸ்எஃப்டிபி என்று சுருக்கமாக அழைக்கப்படும் புனைகதைத் தரவுத்தளம் ஒன்று இருக்கிறது. தன்னார்வலர்கள் நடத்துவது. அதில் கதையின் பெயரைத் தட்டினால், முதலில் எந்த இதழில் வந்தது, பிறகு எந்தெந்தத் தொகுப்புகளில் மறுபதிப்பானது, எந்த மொழிகளுக்குப் போனது என்று பட்டியல் விரியும். ஒரு கதை இதழில் ஒரு முறை வந்ததோடு சரி என்றால் யோசியுங்கள். பத்துத் தொகுப்பாசிரியர்கள் வெவ்வேறு பத்தாண்டுகளில் அதைத் தேர்ந்தெடுத்திருந்தால், நமக்கு முன்பே பத்துப் பேர் புடைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். தவறவிடப்பட்ட முத்து ஒன்றிரண்டு இந்தச் சல்லடையில் தப்பிப் போகும். போகட்டும்.

மூன்றாவது, முதல் இரண்டு பக்கங்கள். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

எங்கே தேடுவது?

குட்டன்பர்க் திட்டத்திலிருந்து தொடங்குங்கள். 1971-இல் மைக்கேல் ஹார்ட் தொடங்கியது. இன்று 70,000-க்கும் மேற்பட்ட மின்னூல்கள். பெயர்ப்பதிவு, கடவுச்சொல் எதுவும் கேட்காது. அறிவியல் புனைகதைக்கென்று தனி அடுக்கே உண்டு. ஆனால் அந்த அடுக்கில் நல்லதும் கெட்டதும் ஒன்றாகத்தான் கிடக்கும்.

கண்ணுக்கு இதமாகப் படிக்க வேண்டுமானால் ஸ்டாண்டர்ட் ஈபுக்ஸ். குட்டன்பர்க் போன்ற இடங்களிலிருந்து நூலை எடுத்து, எழுத்துப் பிழை திருத்தி, மேற்கோள் குறிகளைக்கூட ஒழுங்குபடுத்தி, பழைய ஓவியம் ஒன்றை அட்டையாகப் போட்டுத் தருகிறார்கள். இன்னொரு பெரிய உதவி: ஓர் எழுத்தாளரின் பொதுவுரிமைச் சிறுகதைகளையெல்லாம் ஒரே நூலாகக் கட்டித் தருவது. பிலிப் கே. டிக், ஃபிரெடரிக் போல் ஆகியோரின் கதைகளை அங்கே அப்படி எடுக்கலாம். எண்ணிக்கை குறைவு. பொறுக்கிய கடை.

பழைய இதழை அட்டைப்படம், விளம்பரம், வாசகர் கடிதத்தோடு புரட்ட ஆசைப்படுபவர்களுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ். ஒரு விஷயம்: அங்கே ஸ்கேன் இருப்பதாலேயே அது பொதுவுரிமை ஆகிவிடாது. இதழில் ஆறு கதை இருந்தால் இரண்டு புதுப்பிக்கப்பட்டிருக்கும், நான்கு நழுவியிருக்கும். ஸ்கேனிலிருந்து இயந்திரமே எழுத்தைப் பிரித்து உருவாக்கிய ஈபப் என்ற மின்னூல் கோப்பை மட்டும் தொடாதீர்கள். பழுப்பேறிய தாளில் உள்ளதை அது படிக்கும் அழகில் செவ்வாய்க் கிரகத்துக்காரன் பேசுவதும் மனிதன் பேசுவதும் ஒன்றாகிவிடும்.

ஆஸ்திரேலியக் குட்டன்பர்க், கனடாவின் ஃபேடட் பேஜ் ஆகிய இரண்டும் அந்தந்த நாட்டுச் சட்டப்படி இயங்குபவை. அமெரிக்கத் தளத்தில் இல்லாதது அங்கே இருக்கும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

சரி, எதை முதலில் படிக்கட்டும்? பட்டியல் வேண்டாம், கையில் ஒன்றைக் கொடுங்கள்.

ஃபிரிட்ஸ் லைபரின் 'எ பெயில் ஆஃப் ஏர்'. ஒரு வாளிக் காற்று. 1951 டிசம்பர் 'கேலக்ஸி'யில் வந்தது. இருண்ட விண்மீன் ஒன்று குறுக்கே வந்து பூமியைச் சூரியனிடமிருந்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. குளிரில் காற்றே உறைந்து பனியாகக் கொட்டிவிட்டது. அடியில் தண்ணீர்ப் பனி, அதன்மேல் கரியமில வாயு, அதன்மேல் நைட்ரஜன், அதன்மேல் இளநீலத்தில் ஆக்சிஜன். போர்வைகளை அடுக்கடுக்காகத் தொங்கவிட்டு அமைத்த கூட்டுக்குள் ஒரு குடும்பம் வாழ்கிறது. மூச்சு விட வேண்டுமென்றால் பையன் வெளியே போய் ஒரு வாளி ஆக்சிஜன் அள்ளி வந்து நெருப்பருகே வைக்க வேண்டும். கதையைச் சொல்வது அந்தப் பையன்தான். தண்ணீர் எடுத்து வரப் போன கதையைச் சொல்கிற தொனியிலேயே சொல்கிறான். எந்த இரண்டு விஞ்ஞானியும் உட்கார்ந்து விளக்குவதில்லை. அப்படி ஒருநாள் வாளியோடு போனபோது எதிர்க் கட்டடத்தின் சன்னலில் ஓர் இளம்பெண்ணின் முகம் தெரிகிறது. உலகத்தில் வேறு யாருமே உயிரோடு இல்லை என்று நம்பியிருந்தவன். மீதியை நீங்களே படியுங்கள்.

அது பிடித்துவிட்டது. அடுத்து?

எச். பீம் பைப்பரின் 'ஆம்னிலிங்குவல்', 1957. மொழியில் ஆர்வமுள்ள எவரும் தவறவிடக் கூடாத கதை. செவ்வாயில் ஐம்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன நாகரிகத்தின் நகரத்தை அகழ்கிறார்கள். நூல்கள் கிடைக்கின்றன, எழுத்து தெளிவாகத் தெரிகிறது. ஆனால் எப்படி வாசிப்பது? எகிப்திய எழுத்தைப் படிக்க உதவிய ரொசெட்டாக் கல்லைப் போல, தெரிந்த மொழி ஒன்றும் தெரியாத மொழி ஒன்றும் அருகருகே பொறித்த கல் செவ்வாயில் எப்படி இருக்கும்? மார்த்தா டேன் என்ற ஆய்வாளர் விடாப்பிடியாக முட்டிக்கொண்டே இருக்கிறார்; சக ஆய்வாளர்கள் கேலி செய்கிறார்கள். மனிதனுக்கும் செவ்வாய்க்காரனுக்கும் பொதுவான ஒரு மொழி இருக்கத்தான் செய்கிறது என்று கடைசியில் பிடிபடும் இடம், துப்பறியும் கதையின் முடிச்சு அவிழ்வதைப் போன்ற சுகம். கதையில் எல்லோரும் எந்நேரமும் சிகரெட் பிடித்துக்கொண்டே இருப்பது மட்டும் காலத்தின் அடையாளம்.

ராபர்ட் ஷெக்லியின் 'வாட்ச்பேர்ட்', 1953. கொலையைத் தடுக்கப் பறக்கும் இயந்திரங்களைச் செய்து வானில் விடுகிறார்கள். அவை தாமாகவே கற்றுக்கொள்பவை, ஒன்று கற்றதை மற்றவற்றுக்கும் சொல்பவை. எது கொலை என்ற வரையறையை அவை கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்திக்கொண்டே போகின்றன. இன்றைய கற்கும் இயந்திரங்களைப் பற்றிய விவாதங்களைப் படித்துவிட்டு இதைப் படித்தால், இதற்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது என்பது நம்பும்படி இருக்காது.

ஃபிரெடரிக் போலின் 'தி டனல் அண்டர் தி வேர்ல்ட்', 1955. ஒருவன் ஜூன் 15 காலையில் அலறிக்கொண்டு கண்விழிக்கிறான். விளம்பரத்தைப் பற்றிய கதை என்று மட்டும் சொல்லலாம். இதற்கு மேல் ஒரு வரி சொன்னாலும் கெட்டுவிடும்.

கர்ட் வானெகட்டின் '2 பி ஆர் 0 2 பி', 1962, 'இஃப்' இதழ். முதுமையை ஒழித்துவிட்ட உலகம். ஒரு குழந்தை பிறக்க வேண்டுமானால் யாரோ ஒருவர் சாக முன்வர வேண்டும். ஒருவனுக்கு ஒரே பிரசவத்தில் மூன்று குழந்தைகள். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும், மனத்தில் கரிப்பு நாளெல்லாம் நிற்கும்.

பிலிப் கே. டிக் என்றால் 'செகண்ட் வெரைட்டி', 1953. இரவில் வேண்டாம்.

நாவல் வேண்டும் என்பவர்களுக்கு?

வெல்ஸின் முதல் ஏழெட்டு ஆண்டுகள் போதும். 'தி டைம் மெஷின்' 1895, 'டாக்டர் மோரோவின் தீவு' 1896, 'தி இன்விசிபிள் மேன்' 1897, 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' 1898, 'தி ஃபர்ஸ்ட் மென் இன் தி மூன்' 1901. பிற்காலத்தில் அவர் சமூகப் பிரசங்கியாகிவிட்டார். அந்தத் தடித்த நாவல்களை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். 'தி டைம் மெஷின்' இரண்டு மாலைகளில் படித்துவிடக்கூடியது. பயணி கிட்டத்தட்ட உலகத்தின் முடிவுக்கே போய் நிற்கும் கடைசிக் கடற்கரை, அசையாமல் தொங்கும் சிவந்து பெருத்த சூரியன், மேசை அளவு நண்டுகள்: இந்தச் சில பக்கங்களுக்காகவே மறுபடி மறுபடி எடுக்கிறேன்.

டேவிட் லிண்ட்சேயின் 'எ வாயேஜ் டு ஆர்க்டுரஸ்' 1920-இல் வந்தது. நடை கரடுமுரடு, ஆனால் கற்பனை வேறெங்கும் பார்க்காதது. சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. எவ்கேனி சம்யாதினின் 'நாம்' (ஆங்கிலத்தில் 'வி') நாவலுக்கு 1924-இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அமெரிக்காவில் பொதுவுரிமை. கண்ணாடிச் சுவர் வீடுகளில், பெயருக்குப் பதில் எண்களோடு வாழும் மக்களின் கதை.

வெர்ன் ரொம்ப அறுவையாக இருக்கிறாரே?

குற்றம் அவருடையதாக இல்லாமல் இருக்கலாம். ஆங்கிலத்தில் இலவசமாகக் கிடைக்கும் வெர்னில் பாதி, 1870-களில் அவசரமாக வெட்டி ஒட்டிய மொழிபெயர்ப்புகள்.

கடலுக்கடியில் நீர்மூழ்கிக் கப்பலில் பயணம் செய்யும் அந்தப் புகழ்பெற்ற நாவலை, 'ட்வென்டி தவுசண்ட் லீக்ஸ் அண்டர் தி சீ'யை, எடுத்துக்கொள்ளுங்கள். லூயிஸ் மெர்சியர் 1872-இல் செய்த ஆங்கில மொழிபெயர்ப்புதான் இன்றும் பல மலிவுப் பதிப்புகளில் ஓடுகிறது. மூலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதில் வெட்டப்பட்டிருக்கிறது. வெட்டுப்பட்டதில் அறிவியல் பகுதிகள் நிறைய. எஞ்சியதிலும் கூத்து. கதைசொல்லி அமெரிக்காவின் நெப்ராஸ்காவிலுள்ள பேட்லேண்ட்ஸ் என்ற வறண்ட நிலப்பகுதியிலிருந்து திரும்பியதாக வெர்ன் எழுதியிருக்கிறார். மெர்சியருக்கு அது இடப்பெயர் என்று தெரியவில்லை. நெப்ராஸ்காவே ஏதோ அருவருப்பான பிரதேசம் என்பதுபோல் எழுதிவிட்டார். ஆழ்கடலில் இறங்குவதற்கான மூழ்குடையை அவர் தக்கையால் செய்த மிதவைச் சட்டை ஆக்கினார். மிதவையைப் போட்டுக்கொண்டு கடலடியில் நடப்பது எப்படி என்று நான் பள்ளிக் காலத்தில் மண்டையை உடைத்துக்கொண்டது நினைவிருக்கிறது. எஃப். பி. வால்ட்டர் செய்த முழுமையான மொழிபெயர்ப்பும் குட்டன்பர்க்கில் இலவசமாகவே இருக்கிறது. பெயரைப் பார்த்து அதை எடுங்கள்.

பூமியின் மையத்துக்குப் போகும் 'ஜர்னி டு தி சென்டர் ஆஃப் தி எர்த்' நாவலுக்குச் சோதனை இன்னும் எளிது. பேராசிரியரின் பெயர் லிடன்பிராக், அவருடைய மருமகன் பெயர் ஆக்செல். 1871-இல் வந்த ஆங்கிலப் பதிப்பு அவர்களை ஹார்ட்விக், ஹாரி என்று மாற்றி, வெர்ன் எழுதாத சம்பவங்களையும் சேர்த்துவிட்டது. முதல் அத்தியாயத்தில் ஹார்ட்விக் தலைகாட்டினால் மூடிவிடுங்கள். ஃபிரெடரிக் மாலசன் 1877-இல் செய்தது மூலத்தோடு ஒட்டிப் போவது.

இந்த எச்சரிக்கை வெர்னுக்கு மட்டுமல்ல. எந்த மொழியிலிருந்து வந்த நூலாக இருந்தாலும் மொழிபெயர்ப்பாளர் பெயர் இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள்.

எல்லாம் ஆண்கள் எழுதியவைதானா?

இந்த வகையின் முதல் நாவல் என்று பலரும் ஒப்புக்கொள்ளும் 'ஃபிராங்கன்ஸ்டைன்' எழுதத் தொடங்கியபோது மேரி ஷெல்லிக்கு வயது 18. 1818-இல் வந்த முதல் பதிப்பு, அவரே திருத்திய 1831 பதிப்பு, இரண்டுமே கிடைக்கின்றன. என் கட்சி 1818.

ரொக்கேயா சகாவத் ஹுசைன் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905-இல் ஆங்கிலத்தில், சென்னையிலிருந்து வந்த 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில் வெளியானது. பெண்கள் ஆள்கிறார்கள், ஆண்கள் திரைமறைவில் வீட்டோடு கிடக்கிறார்கள். சூரிய வெப்பத்தில் சமையல், மேகத்திலிருந்து நேரே குழாயில் தண்ணீர், பறக்கும் ஊர்தி. பத்துப் பன்னிரண்டு பக்கம்தான். நையாண்டி இன்னும் மழுங்கவில்லை.

பத்திரிகைக் காலத்தில் காதரின் மக்லீன் எழுதிய 'தி ஸ்னோபால் எஃபெக்ட்', 1952: சமூகவியல் துறையை மூடிவிடப் பார்க்கும் நிர்வாகிக்குத் தன் துறையின் பயனைக் காட்ட, ஒரு பேராசிரியர் சிற்றூர்த் தையல் சங்கம் ஒன்றுக்கு 'வளரும்' விதிமுறைகளை எழுதிக் கொடுக்கிறார். அப்புறம் சங்கம் வளர்கிறது. வளர்ந்துகொண்டே போகிறது. லீ பிராக்கெட், ஆண்ட்ரே நார்ட்டன் ஆகியோரும் உண்டு; சாகசம் பிடித்தவர்களுக்கு அவர்கள்.

அசிமோவ், கிளார்க், பிராட்பரி?

அவர்களுடைய புகழ்பெற்ற நூல்கள் கிடைக்காது. கவனமாகப் புதுப்பித்துவிட்டார்கள். அசிமோவின் 'யூத்' என்ற 1952-ஆம் ஆண்டுக் கதை குட்டன்பர்க்கில் இருக்கிறது. சுமார்தான். பெயருக்காகத் துள்ள வேண்டாம்.

ஒரே நூல் ஓரிடத்தில் இலவசம், இன்னோரிடத்தில் இல்லை என்கிறார்களே?

ஆம். பல நாடுகளில் கணக்கு எழுத்தாளரின் மரணத்திலிருந்து தொடங்குகிறது. பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் இறந்தபின் 70 ஆண்டுகள், இந்தியாவில் 60. கனடாவில் 50 ஆக இருந்தது 2022 இறுதியில் 70 ஆனது. ஆனால் ஏற்கெனவே பொதுவுரிமைக்கு வந்தவற்றைத் திரும்பப் பிடுங்கவில்லை.

ஜார்ஜ் ஆர்வெல் 1950 ஜனவரியில் இறந்தார். அவருடைய '1984' இந்தியாவில் 2011 முதலும், பிரிட்டனில் 2021 முதலும் பொதுவுரிமை. அமெரிக்காவில் 2045 வரை காத்திருக்க வேண்டும். ஓலாஃப் ஸ்டேபிள்டனும் அதே 1950-இல் இறந்தவர். அவருடைய 'ஸ்டார் மேக்கர்' ஆஸ்திரேலியத் தளத்தில் கிடைப்பது அதனால்தான். இதற்கு நேர்மாறு ஈ. எம். ஃபார்ஸ்டரின் 'தி மெஷின் ஸ்டாப்ஸ்'. 1909-இலேயே, அறைக்குள் அடைந்து கிடந்து திரை வழியாக மட்டும் பேசிக்கொள்ளும் மனிதர்களைப் பற்றி எழுதிய அற்புதம். பழைய வெளியீடு என்பதால் அமெரிக்காவில் எப்போதோ பொதுவுரிமை. ஃபார்ஸ்டர் 1970 வரை வாழ்ந்துவிட்டதால் இந்தியாவில் 2030 இறுதி வரையிலும் பிரிட்டனில் 2040 இறுதி வரையிலும் உரிமை நீடிக்கிறது.

தளங்கள் தங்கள் நாட்டுச் சட்டத்தைத்தான் பார்க்கும். நீங்கள் இருக்கும் நாட்டில் என்ன நிலை என்று பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு என்று எழுதியே வைத்திருக்கும்.

அறிவியல் தப்பாக இருக்குமே?

இருக்கும். மாரினர் 4 விண்கலம் 1965 ஜூலையில் செவ்வாயைக் கடந்தபோது அனுப்பிய படங்களில் கால்வாயும் இல்லை, நகரமும் இல்லை, பள்ளங்கள்தான். அதற்கு முந்திய கதைகளில் செவ்வாயில் தாராளமாக மூச்சுவிடுவார்கள். ஸ்டான்லி வைன்பாமின் 'எ மார்ஷியன் ஒடிசி' 1934-இல் வந்தது. அதன் செவ்வாய் முழுக்கத் தவறு. ஆனால் அதில் வரும் ட்வீல் என்ற பறவை போன்ற உயிரினம், மனிதனைப் போல யோசிக்காமலேயே மனிதனுக்கு நிகராக யோசிக்கிறது. செங்கல்லை ஈன்று தன்னைச் சுற்றிப் பிரமிடு கட்டிக்கொண்டே போகும் சிலிக்கன் பிராணி ஒன்றும் உண்டு. இதை ரசிக்கக் கிரகத்தின் காற்றழுத்தம் சரியாக இருக்க வேண்டுமா?

அறிவியல் பிழையைவிட எனக்கு உறுத்துவது அக்கால இனவெறிதான். திகில் கதைகளுக்குப் பேர்போன எச். பி. லவ்கிராஃப்டிடம் அது வெளிப்படையாகவே இருக்கிறது. 'தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்' போன்ற ஒன்றிரண்டில் அது இல்லை, அவற்றோடு நிறுத்திக்கொண்டேன்.

கேட்பதற்கு ஏதாவது?

லிப்ரிவாக்ஸ். 2005 முதல் தன்னார்வலர்கள் பொதுவுரிமை நூல்களை வாசித்துப் பதிவு செய்கிறார்கள். அறிவியல் சிறுகதைகளுக்கென்றே தொகுதி தொகுதியாக ஒரு தொடர் ஓடுகிறது. வாசிப்பவரைப் பொறுத்துத் தரம் ஏறி இறங்கும்: ஒருவர் குரலில் கதை உயிர்பெறும், அடுத்தவர் ரயில் கால அட்டவணை வாசிப்பார். பிடித்த குரல் கிடைத்தால் அவர் பெயரைச் சொடுக்கி, அவர் வாசித்த மற்றவற்றையும் எடுங்கள். நான் பைப்பரைக் கண்டுகொண்டதே அப்படித்தான்.

இவற்றைத் தமிழில் மொழிபெயர்த்து வெளியிடலாமா?

மூலம் உங்கள் நாட்டில் பொதுவுரிமை என்றால் தாராளமாக. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, விற்கவும் செய்யலாம். உங்கள் தமிழாக்கத்தின் உரிமை உங்களுக்கு. ஒரே கண்ணி: வெர்னையோ சம்யாதினையோ ஆங்கிலம் வழியாகத் தமிழாக்கினால் அந்த ஆங்கில மொழிபெயர்ப்பும் பொதுவுரிமையில் இருக்க வேண்டும். அதற்குத் தனி ஆயுள் உண்டு.

தமிழில் ஏற்கெனவே இருப்பதைக் கேட்டால் பதில் சுருக்கம்தான். தமிழ் நூல்களை மின்னூலாக்கி இலவசமாகத் தரும், 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்தில் இலக்கியம் குவிந்திருக்கிறது, அறிவியல் புனைகதை தேடினால் கை சலிக்கும். தொடங்க நினைப்பவர் நாவலில் கை வைக்க வேண்டாம். 'ஒரு வாளிக் காற்று' ஐந்தாறாயிரம் சொல்தான். அந்தப் பையனின் குரல் தமிழில் எப்படி ஒலிக்கும் என்று நானே இரண்டு முறை முயன்று முதல் பக்கத்தோடு நின்றுவிட்டேன். அந்தக் 'கூடு' என்ற சொல் சரியாக உட்காரவில்லை.